பூட்டில்லாத இசைத்தட்டு: வாசகர் கேள்வி பதில்

இணையத்தில் பாட்டைப் பகிர்வது பற்றியும், இசைத்தட்டு நிறுவனங்களின் பிடி நழுவியது பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். சட்ட விவரங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவைச் சேர்ந்தவை. முக்கியமான வழக்குகள் அங்கேதான் நடந்தன.

கேள்வி: திரைப்பட டி.வி.டி.க்கு நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு இருந்தது. பாட்டு சி.டி.க்கு மட்டும் ஏன் இல்லை? அப்போதே போட்டிருந்தால் இத்தனை வம்பு வந்திருக்காதே?

பிலிப்ஸும் சோனியும் சி.டி.யின் இலக்கணத்தை 1980-ல் எழுதி முடித்தன. ‘சிவப்புப் புத்தகம்’ என்பது அதற்கு வழங்கும் பெயர். தட்டு 1982-ல் கடைக்கு வந்தது. நொடிக்கு 44,100 முறை ஒலியை அளக்க வேண்டும். ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில், இடது வலது என இரண்டு தடத்தில் எழுத வேண்டும். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 14,11,200 பிட். நிமிடத்துக்கு 10 மெகாபைட்டுக்கு (எம்.பி.) சற்று மேல், ஒரு மணி நேரத் தட்டுக்கு 635 எம்.பி. அன்றைய வீட்டுக் கணினிகளில் வன்தட்டு இருப்பதே அபூர்வம். இருந்தவற்றிலும் 5 அல்லது 10 எம்.பி.தான் கொள்ளும். ஒரு பாட்டைக்கூட முழுதாக வைக்க இடமில்லாத கருவியைக் கண்டு யார் பயப்படுவார்கள்?

நிறுவனங்களின் பயமெல்லாம் டேப் மீதுதான் இருந்தது. டிஜிட்டல் டேப் வந்ததும் போராடி, 1992-ல் அமெரிக்காவில் வீட்டு ஒலிப்பதிவுச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அசலிலிருந்து நகல் எடுக்கலாம், நகலிலிருந்து நகல் எடுக்க முடியாதபடி கருவியில் தடை இருக்க வேண்டும், கருவிக்கும் வெற்று டேப்புக்கும் ஒரு தொகை கட்ட வேண்டும் என்றது அந்தச் சட்டம். பொதுப் பயன்பாட்டுக் கணினி அதில் அடங்கவில்லை. ஓட்டை அங்கேதான். 1998-ல் ரியோ என்ற, எம்.பி.3 பாட்டுக் கேட்கும் 32 எம்.பி. பாக்கெட் கருவி வந்தபோது வழக்குப் போட்டார்கள். அது கணினியின் வன்தட்டிலிருந்து எடுப்பதால் இந்தச் சட்டத்துக்குள் வராது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1999-ல் சொல்லிவிட்டது.

பிறகு பூட்டலாம் என்றாலும் வழியில்லை. சாவியே இல்லாத கோடிக்கணக்கான பிளேயர்கள் வீடுகளில் இருந்தன. பூட்டிய தட்டு அவற்றில் பாடாது. டி.வி.டி. பூட்டோடு பிறந்தது உண்மைதான். அந்தப் பூட்டும் 1999-லேயே உடைந்துவிட்டது. எனவே, ‘அப்போதே போட்டிருந்தால்’ என்பதில் எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. சில ஆண்டுகள் தள்ளிப்போயிருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: எம்.பி.3 கோப்பு சி.டி.யில் இருப்பதில் பதினொன்றில் ஒரு பங்குதான் என்கிறார்கள். மீதிப் பத்துப் பங்கு எங்கே போகிறது?

காதுக்கு எட்டாது என்று கணிக்கப்பட்ட நுணுக்கங்களாக அது கழிந்துவிடுகிறது. ஓர் அலைவரிசையில் பலமான ஒலி வந்தால், அதை ஒட்டிய அலைவரிசையில் வரும் மெல்லிய ஒலியைக் காது உணராது. ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்து ஃப்ராவுன்ஹோஃபர் ஆய்வகத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் குழுவினரும் இதைக் கணக்காக்கினார்கள். 1993-ல் அது உலகத் தரமாக வெளியானது. ஒலி 1,152 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக வெட்டப்படுகிறது. ஒரு துண்டின் நீளம் ஒரு நொடியில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு. துண்டு ஒவ்வொன்றிலும் எந்த அலைவரிசை முக்கியம் என்று பார்த்து, அதற்கு அதிக பிட்டும் மற்றதற்குக் குறைவாகவும் ஒதுக்குகிறார்கள். பிட் குறைந்த இடத்தில் இரைச்சல் கூடும். ஆனால் பலமான ஒலியின் மறைவில் அது அடங்கிவிடும்.

இது தடுக்கி விழும் இடம் திடீர்த் தாக்கு. அமைதிக்குப் பிறகு சட்டென்று ஒரு கட்டை தட்டினால், துண்டு முழுவதும் பரவும் இரைச்சல் அந்தத் தட்டுக்கு முன்பே லேசாகக் கேட்டுவிடும். முன்னெதிரொலி என்பது இதுதான். தாளக்கருவிகளின் உலோக ஓசை தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் குழைவதும் குறைந்த பிட்டில் வரும் கோளாறு. ஒரு முறை கழிந்தது திரும்பாது. எம்.பி.3-யை மீண்டும் எம்.பி.3 ஆக்கினால் கோளாறின் மேல் கோளாறு ஏறும்.

அளவு குறைந்ததன் பலனைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 நிமிடப் பாட்டு சி.டி.யில் 42 எம்.பி.; 128 கிலோபிட் எம்.பி.3-யில் 3.8 எம்.பி. அந்தக் காலத் தொலைபேசி மோடத்தில் நொடிக்கு 5 கிலோபைட் வந்தால் நல்ல நாள். முதலாவது இறங்க 2 மணி 20 நிமிடம், இரண்டாவதுக்கு 13 நிமிடம் போதும். இந்த வித்தியாசம் இல்லாவிட்டால் நாப்ஸ்டர் என்ற பாட்டுப் பகிர்வுச் சேவையும் இல்லை, அதன் பின் வந்த எதுவும் இல்லை.

கேள்வி: நாப்ஸ்டரின் சர்வரில் ஒரு பாட்டுகூட இருந்ததில்லையாமே. பிறகு எப்படி அது மாட்டியது?

பாட்டு இல்லை என்பது சரி. பட்டியல் இருந்தது. நிரலைத் திறந்ததும் உங்கள் கணினியில் பகிர்வுக்கு வைத்திருக்கும் கோப்புகளின் பெயர்கள் நாப்ஸ்டரின் சர்வருக்குப் போகும். வேறொருவர் தேடும்போது சர்வர் அந்தப் பட்டியலைப் பார்த்து உங்கள் முகவரியைக் கொடுக்கும். பாட்டு நேரே உங்கள் கணினியிலிருந்து அவருடையதற்குப் போகும். ஷான் ஃபானிங் இந்த நிரலை 1999 ஜூனில் வெளியிட்டார். டிசம்பரில் இசைத்தட்டு நிறுவனங்களின் வழக்கு வந்துவிட்டது.

வீடியோ ரெக்கார்டரை விற்றவர் அதை வாங்கியவர் செய்யும் குற்றத்துக்குப் பொறுப்பில்லை என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை நாப்ஸ்டர் கேடயமாகப் பிடித்தது. ரெக்கார்டரை விற்றவர் அத்தோடு விலகிவிடுகிறார். நாப்ஸ்டரோ ஒவ்வொரு தேடலின்போதும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. தடுக்கும் சக்தி அதன் கையில் இருக்கிறது, நடப்பதும் அதற்குத் தெரியும் என்று 2001 பிப்ரவரி 12-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மார்ச்சில் வடிகட்டி போட்டார்கள். அது கோப்பின் பெயரைத்தான் பார்த்தது. பயனர்கள் எழுத்தை மாற்றிப் போட்டு, பெயரைத் திருப்பி எழுதித் தப்பினார்கள். பின்னர் ஒலியையே ஒப்பிடும் வடிகட்டியால் 99.4 சதவீதம் தடுக்க முடியும் என்று நாப்ஸ்டர் சொல்லியும், நீதிபதி மெரிலின் ஹால் படேல் போதாது என்றார். ஜூலையில் சேவை நின்றது.

இதில் எங்களுக்கு இன்றும் ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. உச்சத்தில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் ஒரே இடத்தில் கூடியிருந்தார்கள். பேசுவதற்கு ஒரு நிறுவனமும் இருந்தது. 5 ஆண்டுகளில் 100 கோடி டாலர் தருகிறோம் என்று 2001 பிப்ரவரியில் நாப்ஸ்டர் முன்வந்தது. பெரிய நிறுவனங்கள் ஏற்கவில்லை. பட்டியலை மூடியதும் அந்தக் கூட்டம் கடைக்குத் திரும்பவில்லை. நடுவில் யாருமே உட்காராத வலைகளுக்குப் போய்விட்டது. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை அங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி: காசா என்ற பகிர்வு நிரலில் இறக்கிய பாட்டு பாதியில் ‘கிர்’ரென்று இரைந்தது நினைவிருக்கிறது. பெயர், நீளம் எல்லாம் சரியாக இருக்கும். அது எப்படி?

வேண்டுமென்றே கலந்த நஞ்சு அது. போலிக் கோப்புகளை வலையில் பரப்புவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்களை இசைத்தட்டு நிறுவனங்கள் அமர்த்தியிருந்தன. அது இவ்வளவு எளிதாக நடந்ததற்குக் காரணம் காசா ஓடிய ஃபாஸ்ட்டிராக் வலையின் சரிபார்ப்பில் இருந்த சோம்பல்.

ஒரே பாட்டைப் பல பேரிடமிருந்து துண்டு துண்டாக எடுக்கும்போது, எல்லோரிடமும் இருப்பது ஒரே கோப்புதானா என்று தெரிய வேண்டும். அதற்குக் கோப்பின் பைட்டுகளைக் கணக்கிட்டு ஒரு கைரேகை எண் எடுப்பார்கள். முழுக் கோப்பையும் கணக்கிட அன்றைய கணினிக்கு நேரமாகும் என்பதால், ஃபாஸ்ட்டிராக் முதல் 300 கிலோபைட்டை எடுத்துக்கொண்டது. பிறகு 1 எம்.பி., 2 எம்.பி., 4 எம்.பி. என இரட்டிப்பாகும் இடங்களில் 300 கிலோபைட், கடைசியில் 300 கிலோபைட். 4 எம்.பி. பாட்டில் ஏறத்தாழ 1.2 எம்.பி.தான் சோதிக்கப்பட்டது. நடுவிலுள்ள இடைவெளிகளில் இரைச்சலை நிரப்பினாலும் கைரேகை மாறாது! அசலும் போலியும் ஒன்றாகவே பட்டியலில் தெரியும். நல்லவரிடமிருந்து பாதி, போலியிடமிருந்து பாதி என்று வந்து சேரும்.

பிராம் கோஹன் 2001-ல் வெளியிட்ட பிட்டொரன்ட் என்ற பகிர்வு முறை இந்த ஓட்டையை அடைத்தது. கோப்பை, பெரும்பாலும் 256 கிலோபைட் அளவுள்ள துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 20 பைட் கைரேகையை முன்கூட்டியே டொரன்ட் கோப்பு என்ற சிறு குறிப்புக் கோப்பில் எழுதிவைக்கிறார்கள். கெட்ட துண்டு வந்தால் அது மட்டும் தூக்கி எறியப்படும், மறுபடி கேட்கப்படும். நஞ்சு கலப்பது அதன்பின் பலிக்கவில்லை. ஆனால் பிட்டொரன்ட் உங்களை மறைக்காது. இறக்கும்போதே நீங்கள் மற்றவர்களுக்கு ஏற்றவும் செய்கிறீர்கள். அந்தக் கூட்டத்தில் உள்ள யாரும் உங்கள் இணைய இணைப்பின் அடையாளமான ஐ.பி. எண்ணைப் பார்க்கலாம்.

கேள்வி: ரசிகர்கள் மீதே வழக்குப் போட்டார்களே, பலன் இருந்ததா?

பகிர்வு குறையவில்லை. 2003 செப்டம்பர் 8-ல் 261 பேர் மீது தொடங்கி, 2008 இறுதியில் கைவிடும்வரை ஏறத்தாழ 35,000 பேர் வளைக்கப்பட்டார்கள். விசாரணையாளர் வலையில் நுழைந்து, பகிர்ந்திருக்கும் பாட்டை இறக்கிப் பார்த்து, ஐ.பி. எண்ணைக் குறிப்பார். அந்த எண் யாருடையது என்று இணைய நிறுவனத்தைக் கேட்பார்கள். முதலில் வெறும் நீதிமன்ற எழுத்தர் கையொப்பமிட்ட ஆணையே போதுமாக இருந்தது. 2003 டிசம்பரில் நீதிமன்றம் அது செல்லாது என்றதும், ‘பெயர் தெரியாதவர்’ மீது வழக்குத் தொடுத்துப் பெயரைக் கேட்டு வாங்கினார்கள். பெரும்பாலோர் சில ஆயிரம் டாலர் கட்டிச் சமாதானமானார்கள்.

சட்டத்தில் வேண்டுமென்றே மீறியதாகத் தெரிந்தால் ஒரு பாட்டுக்கு 1,50,000 டாலர் வரை இழப்பீடு உண்டு. மினசோட்டாவில் ஒரு பெண்மணிக்கு 24 பாட்டுகளுக்காக 2007-ல் 2,22,000 டாலர் விதித்தார்கள். மறுவிசாரணையில் அது 19,20,000 ஆனது. மூன்றாம் முறை 15,00,000. கடைசியில் 2012-ல் மேல்முறையீட்டில் மறுபடி 2,22,000. வணிகரீதியான திருட்டை மனதில் வைத்து எழுதிய எண்களை வீட்டில் பாட்டுக் கேட்பவர் மீது பொருத்தினால் இப்படித்தான் ஆகும். அது நியாயம் என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

கேள்வி: ஆல்பம் கடைக்கு வருமுன்பே இணையத்தில் வந்துவிடுமே, அது யார் வேலை?

பல வழிகள் உண்டு: விமர்சகருக்குப் போன முன்பிரதி, வானொலி நிலையம், கடைக் கிடங்கு. மிகப் பெரிய கசிவு தட்டு அச்சாகும் ஆலையிலேயே நடந்தது. வட கரோலைனாவில் கிங்ஸ் மவுன்டன் ஊரில் ஒரு பெரிய நிறுவனத்தின் ஆலை இருந்தது. வாசலில் உலோகம் காட்டும் கோலால் சோதிப்பார்கள். தொழிலாளர்கள் பெரிய இடைவார்க் கொளுவி அணிந்து, தட்டை அதன் பின்னால் செருகிக் கொண்டுபோனார்கள். கோல் சத்தமிட்டால் கொளுவியின் சத்தம் என்று நினைக்கப்படும். தட்டு ஆர்.என்.எஸ். என்ற ரகசிய இணையக் குழுவுக்குப் போய், எம்.பி.3 ஆகி, ஆல்பம் வெளியாகும் நாளுக்கு வாரக்கணக்கில் முன்பே சுற்றியது. 1996 முதல் 2007 ஜனவரி வரை அந்தக் குழு இயங்கியது. ஊர் முழுக்கப் பல லட்சம் பேர் மேல் பழி விழுந்தபோது, மூலம் நிறுவனத்தின் சொந்தச் சுவருக்குள் இருந்தது.

கேள்வி: காசு கொடுத்து வாங்கிய சி.டி.யைக் கணினியில் போட்டதும் வைரஸ் மாதிரி ஏதோ புகுந்தது என்று படித்தேன். அது என்ன கதை?

சி.டி.க்குப் பிற்பாடு பூட்டுப் போட முயன்றதன் விளைவு. 2002-ல் ஒரு முறை வந்தது: தட்டின் வெளிவிளிம்பில் கெட்ட தரவுத் தடம் ஒன்றை வைப்பார்கள். வீட்டு பிளேயர் அதைக் கண்டுகொள்ளாது, கணினி குழம்பிப்போகும். அந்த விளிம்பில் மார்க்கர் பேனாவால் கோடு இழுத்தால் கணினிக்குத் தடம் தெரியாது, பூட்டு போயிற்று. அடுத்த வருடம் வந்த இன்னொன்று, தட்டைப் போட்டதும் விண்டோஸ் தானாக ஓட்டும் நிரலை நம்பியது. ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டே தட்டைப் போட்டால் நிரல் ஓடாது. பிரின்ஸ்டனில் ஒரு மாணவர் இதை வெளியிட்டார்.

2005-ல் சோனி பி.எம்.ஜி. 52 ஆல்பங்களில் எக்ஸ்.சி.பி. என்ற பூட்டைப் போட்டது. தட்டில் இரண்டு பகுதிகள்: முதலில் வழக்கமான இசை, அடுத்து நிரல். பாட்டுக் கேட்க அந்த நிரலை நிறுவச் சொல்லும். அது விண்டோஸின் உள்ளே இறங்கி, பெயர் ‘டாலர்-சிஸ்-டாலர்’ என்று தொடங்கும் எந்தக் கோப்பையும் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடும். தன் கோப்புகளை மட்டுமல்ல, எதையும். மார்க் ருசினோவிச் என்ற கணினி வல்லுநர் அக்டோபர் 31-ல் இதை வெளிப்படுத்தினார். சில நாட்களிலேயே அந்த மறைவில் ஒளியும் தீநிரல்கள் வந்துவிட்டன. நீக்குவதற்குக் கொடுத்த கருவியிலும் பாதுகாப்பு ஓட்டை இருந்தது. ஏறத்தாழ 47 லட்சம் தட்டுகள் அனுப்பப்பட்டு, 21 லட்சம் விற்றிருந்தன. மீதியைத் திரும்பப் பெற்றார்கள். மேக் கணினியிலும் லினக்ஸிலும் எக்ஸ்.சி.பி. எதையும் தடுக்கவே இல்லை. ஆக, இலவசமாக இறக்கியவரிடம் சுத்தமான கோப்பு, நேர்மையாக வாங்கியவரின் கணினியில் கேடு.

இணையத்தில் விற்ற பாட்டுகளிலும் இதே நிலை. 2008-ல் மைக்ரோசாஃப்டின் எம்.எஸ்.என். மியூசிக் கடை, பாட்டைத் திறக்க அனுமதி தரும் தன் உரிமச் சர்வர்களை மூடப்போவதாக அறிவித்தபோது, அங்கே வாங்கியவர்கள் புதுக் கணினிக்கு மாறினால் பாட்டு திறக்காது என்ற நிலை வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் காலத்தை நீட்டித்தார்கள். 2007-ல் ஈ.எம்.ஐ. என்ற இசைத்தட்டு நிறுவனம் பூட்டைக் கழற்றியது; 2009-ல் ஆப்பிளின் ஐட்யூன்ஸ் கடையில் எல்லாப் பெரிய நிறுவனங்களும் கழற்றின.

கேள்வி: என்னிடமுள்ள ஃப்ளாக் கோப்பு உண்மையில் சி.டி. தரம்தானா, எம்.பி.3-யை உருமாற்றியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சொந்த சி.டி.களைப் பிழையில்லாமல் எடுக்கவும் வழி சொல்லுங்கள்.

ஃப்ளாக் என்பது எதையும் கழிக்காமல் ஒலியைச் சுருக்கும் கோப்பு. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு நிரலில் கோப்பைத் திறந்து, தடத்தின் பெயரை அழுத்தி, அலைவடிவத்துக்குப் பதில் நிறமாலைக் காட்சிக்கு மாற்றுங்கள். செங்குத்து அளவை 22,050 ஹெர்ட்ஸ் வரை வையுங்கள். சி.டி.யிலிருந்து வந்த இசையில் உச்ச ஒலிகள் மேலே போகப்போக ஒழுங்கில்லாமல் மங்கும். 16,000 ஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல் கோடு தெரிந்து, அதற்கு மேல் இருட்டாக இருந்தால் 128 கிலோபிட் எம்.பி.3-யின் அடையாளம். 320 கிலோபிட்டில் வெட்டு 20,000 அருகே இருக்கும், கண்டுபிடிப்பது கடினம். பழைய ஒலிப்பதிவுகளில் மேல் அலைவரிசை இயல்பாகவே இருக்காது. எனவே வெட்டு கூர்மையாக இருக்கிறதா என்பதைப் பாருங்கள், உயரத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

சி.டி. எடுக்க, விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற நிரலைப் ‘பாதுகாப்பான’ முறையில் வையுங்கள். அது சந்தேகமான இடங்களைத் திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிடும். அக்யூரேட்ரிப் வசதியை இயக்கினால், அதே தட்டை எடுத்த மற்றவர்களின் கைரேகை எண்ணோடு உங்களுடையதை ஒத்துப் பார்க்கும். ஒத்துவராவிட்டால் முதலில் டிரைவின் ஆஃப்செட் சரியா என்று பாருங்கள். ஒவ்வொரு டிரைவ் மாடலும் சில நூறு மாதிரிகள் முன்பின்னாகத் தொடங்கும். நிரல் அறிந்த மாடலாக இருந்தால் தானே திருத்திக்கொள்ளும். பிறகு தட்டைத் துடையுங்கள்: நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராக, வட்டமாக அல்ல. வட்டமாக விழும் கீறல் தடத்தின் போக்கிலேயே நீண்டு, திருத்த முடியாதபடி தரவை அழிக்கும். ஃப்ளாக்கில் 5 முதல் 8 வரை எந்த நிலையை வைத்தாலும் ஒலி ஒன்றுதான், அளவு சிறிதே மாறும். பெரும்பாலும் மூலத்தில் பாதிக்குச் சற்று மேல் வரும்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் சொந்தத் தட்டை நகலெடுக்க 2014 அக்டோபரில் அனுமதி கொடுத்தார்கள். 2015 ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

கேள்வி: விற்பனை சரிந்ததற்குப் பகிர்வு மட்டும்தான் காரணமா?

முக்கியக் காரணம், ஒரே காரணம் அல்ல. ஒலிப்பதிவு இசையின் அமெரிக்க வருவாய் 1999-ல் 1,460 கோடி டாலர், 2014-ல் 700 கோடிக்கும் கீழ். விலைவாசியைச் சேர்த்தால் வீழ்ச்சி இன்னும் ஆழம். பகிர்வின் பாதிப்பு பூஜ்யத்துக்கு அருகே என்று ஓபர்ஹோல்சர்-கீ, ஸ்ட்ரம்ப் என்ற இரு பொருளியலாளர்கள் 2007-ல் எழுதினார்கள். லீபோவிட்ஸ் போன்றோர் அதைக் கடுமையாக மறுத்தார்கள். பெரும்பாலான ஆய்வுகள் பாதிப்பு உண்டு என்ற பக்கமே நிற்கின்றன.

ஆனால் 1999-ன் உயரமே இயல்பானதல்ல. பழைய ரெக்கார்டுகளைச் சி.டி.யாக மறுபடி வாங்கும் அலை அதில் இருந்தது. அது ஒரு நாள் ஓயத்தான் வேண்டும். நிறுவனங்கள் ஒற்றைப் பாட்டுத் தட்டுகளைக் கடையிலிருந்து குறைத்து, ஒரு பாட்டுக்காக முழு ஆல்பம் வாங்க வைத்தார்கள். விளம்பரப் பணத்தைக் காட்டிக் கடைகள் விலையைக் குறைக்காமல் பார்த்துக்கொண்டதால் மக்கள் 48 கோடி டாலர்வரை கூடுதலாகக் கொடுத்திருக்கலாம் என்று கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2000-ல் சொன்னது. ஐட்யூன்ஸ் 2003 ஏப்ரலில் பாட்டுக்கு 99 சென்ட் என்று திறந்தபோது முதல் வாரத்தில் 10 லட்சம் பாட்டுகள் விற்றன. மக்கள் வாங்கத் தயாராகத்தான் இருந்தார்கள். ஆனால் 15 டாலர் கொடுத்த இடத்தில் இப்போது 99 சென்ட். சட்டப்படி விற்ற கடையும் வருவாயைக் குறைத்தது.

கேள்வி: மாதச் சந்தா கட்டிக் கேட்கிறேன். நான் கேட்கும் சிறிய குழுவுக்கு என் பணம் போகிறதா?

நேரடியாகப் போவதில்லை. ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகளில் எல்லாச் சந்தாவும் ஒரே பானையில் விழும். அதில் ஏறத்தாழ 70 சதவீதம் உரிமையாளர்களுக்கு. அதை மொத்தக் கேட்புகளின் விகிதத்தில் பிரிக்கிறார்கள்.

இரண்டே சந்தாதாரர்கள் என்று வையுங்கள். ஆளுக்கு 10 டாலர், பகிரும் தொகை 14. ஒருவர் நட்சத்திரங்களை 900 முறை கேட்கிறார். நீங்கள் உங்கள் குழுவை மட்டும் 100 முறை. மொத்தம் 1,000, உங்கள் குழுவுக்கு அதில் பத்தில் ஒன்று, 1.40 டாலர். நீங்கள் கொடுத்ததில் மீதி 5.60 நீங்கள் கேட்டேயிராத நட்சத்திரத்துக்குப் போகிறது. ஒவ்வொருவரின் பணமும் அவர் கேட்டவர்களுக்கே என்றால் குழுவுக்கு முழு 7 டாலர். சவுண்ட்கிளவுட் 2021-ல் இந்த முறையைச் சிறு கலைஞர்களுக்குக் கொண்டுவந்தது. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1,000 கேட்பை எட்டாத பாட்டுக்கு ஒலிப்பதிவுப் பங்கு எதுவும் கிடையாது.

அந்த 1.40-உம் முழுசாகக் கைக்கு வராது. இயற்றியவர் பங்கு தனி, ஒலிப்பதிவு உரிமையாளர் பங்கு தனி. குழு பழைய பாணி ஒப்பந்தத்தில் இருந்தால் ஒலிப்பதிவுப் பங்கின் பெரும்பகுதி நிறுவனத்துக்கே. உங்கள் பணம் அவர்களைச் சேர வேண்டுமானால், அவர்களே விற்கும் கோப்பையோ தட்டையோ வாங்குங்கள். கலைஞர்கள் நேரே விற்கும் பேண்ட்கேம்ப் தளம் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம்தான் எடுக்கிறது.

கேள்வி: நானே அமைத்து யூடியூபில் ஏற்றிய பாட்டுக்கு வேறு யாரோ உரிமை கோருகிறார்கள். என்ன செய்வது?

உங்கள் பாட்டில் ஆயத்த லூப், அதாவது திரும்பத் திரும்ப ஒலிக்க விற்கப்படும் சிறு இசைத்துண்டு, ஏதாவது இருக்கிறதா? பெரும்பாலும் சிக்கல் அங்கேதான். பலருக்கும் விற்கப்படும் அதே லூப்பை இன்னொருவர் தன் பாட்டில் வைத்து, விநியோக நிறுவனம் வழியாக, யூடியூபில் ஒலியை ஒப்பிட்டு உரிமை பார்க்கும் கன்டென்ட் ஐ.டி. அமைப்பில் சேர்த்திருப்பார். இயந்திரத்துக்கு லூப் யாருடையது என்று தெரியாது. ஒலி ஒத்துப்போனால் கோரிக்கை எழுப்பும். கோரிக்கை என்பது தண்டனைப் புள்ளி அல்ல, பயப்படாதீர்கள்.

கோரிக்கை எந்த நொடியிலிருந்து எந்த நொடிவரை என்று பாருங்கள். அந்த இடத்து லூப்பின் உரிமச் சான்றை எடுத்து வைத்துக்கொண்டு, 5 நாளுக்குள் மறுப்புத் தெரிவியுங்கள். அப்படிச் செய்தால் கோரிக்கை எழுந்த நாளிலிருந்தே வருவாய் யாருக்கும் போகாமல் நிறுத்திவைக்கப்படும். எதிர்த்தரப்புக்கு 30 நாள் அவகாசம். பதில் இல்லையென்றால் கோரிக்கை விலகும். நிராகரித்தால் மேல்முறையீடு செய்யலாம். அங்கே கவனம் தேவை: அவர்கள் நீக்கல் அறிவிப்புக் கொடுத்தால் தண்டனைப் புள்ளி விழும். அதற்கும் எதிர் அறிவிப்பு உண்டு. கொடுத்தால் அவர்கள் 10 வேலை நாளுக்குள் நீதிமன்றம் போனதைக் காட்ட வேண்டும். எதிர் அறிவிப்பில் உங்கள் பெயரும் முகவரியும் அவர்களுக்குப் போகும் என்பதை அறிந்து கையொப்பமிடுங்கள்.

அடுத்த பாட்டை விநியோகத்துக்குக் கொடுக்கும்போது, பொது லூப் இருந்தால் கன்டென்ட் ஐ.டி. பெட்டியில் குறியிடாதீர்கள், இல்லாவிட்டால் இதே தொல்லையை நீங்கள் இன்னொருவருக்குக் கொடுப்பீர்கள். ஒலிப்பதிவு ஒவ்வொன்றுக்கும் உரிய அடையாளமான 12 எழுத்து ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணைக் குறித்து வையுங்கள். விநியோகஸ்தரை மாற்றினாலும் அதே பதிவுக்கு அதே எண்ணையே கொடுக்கச் சொல்லுங்கள். எண் மாறினால் இதுவரை சேர்ந்த கேட்புக் கணக்கு புதுப் பதிவோடு சேராது.